வருடையும் வரையாடும்: ஒரு விலங்குப் பெயரின் பொருளும் வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டைச் சங்க இலக்கியம் வருடை என்னும் பெயரால் குறித்தது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆயினும் நிகண்டுகளும் உரைகளும் அவற்றின் வழிவந்த அகராதிகளும் வருடைக்கு எட்டுக்காலுடைய சரபம் என்னும் பொருளையும் தருகின்றன. வரையாடு என்னும் பெயரே பழைய நூல்களில் உள்ளது என்னும் கூற்றும் உண்டு. இவ்விரண்டையும் மூலபாட இடங்களோடு ஒப்பிட்டு, வருடை ஆட்டினத்தைச் சார்ந்த மலைவிலங்கே என்பதையும், பழைய நூல்களில் வரை, ஆடு என்பன அடுத்து வரும் இடங்களில் ஆடு என்பது வினையே என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வருடை, வரையாடு, சரபம், தகர், மறி, வினைத்தொகை, மரபியல்

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளிலும் அவற்றை ஒட்டிய செங்குத்தான பாறைச் சரிவுகளிலும் வாழ்வது வரையாடு. நீலகிரியிலிருந்து அகத்தியமலை வரை உள்ள மலைகளில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே இது காணப்படுகிறது. தென்னிந்தியாவில் பாறைச் சரிவையே வாழிடமாகக் கொண்ட குளம்பு விலங்கு இது ஒன்றே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் 25.14 கோடி ரூபாய் மதிப்பில் நீலகிரி வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தபோது, இவ்விலங்கின் தொன்மைக்குச் சான்றாகப் பழந்தமிழ் இலக்கியக் குறிப்புகளையும் எடுத்துக்காட்டியது.

இலக்கியச் சான்று அரசின் ஆவணத்திலும் இடம்பெறும் நிலையில், அச்சான்று எத்துணை உறுதியானது என்று ஆராய்வது தமிழாய்வின் கடமையாகிறது. வருடை என்னும் சொல்லுக்கு அகராதியைப் புரட்டும் மாணவர் ஒருவர் மலையாடு என்னும் பொருளையும் காண்பார். எட்டுக்கால் விலங்கு என்னும் பொருளையும் காண்பார். இரண்டில் எது மூலப்பொருள், எது பின்வந்தது என்னும் விளக்கம் அங்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. விளைவாக, உயிருள்ள விலங்கைப் பாடிய செய்யுளும் புராண விலங்கைப் பாடியதாகப் படிக்கப்படும் நிலை ஏற்படுகிறது.

வருடை ஆடா, மானா?

குறுந்தொகையின் 187ஆம் பாட்டில் கபிலர் இவ்விலங்கை வருடைமான் என்கிறார். அதன் குட்டியை மறி என்கிறார். மான் என்னும் சொல்லைக் கொண்டு வருடையை மானினம் எனக் கொள்வாரும் உளர். இக்கொள்கை இரு காரணங்களால் வலுவிழக்கிறது.

முதலாவது, மான் என்னும் சொல்லின் பழைய பொருட்பரப்பு. சங்க இலக்கியத்தில் இச்சொல் குதிரையையும் பொதுவாக விலங்கையும் குறிக்கும். காட்டு மாட்டைக் குறிக்கும் ஆமான் என்னும் பெயரிலும் மான் என்பது உண்டு. அதனால் ஆமான் மானினம் ஆகிவிடுவதில்லை. வருடைமான் என்பதையும் வருடையாகிய விலங்கு என்று கொள்வதே அக்கால வழக்குக்கு இயைந்தது. இரண்டாவது, சிலப்பதிகாரக் காட்சிக்காதை தரும் சான்று. சேரன் செங்குட்டுவனைக் காண வந்த மலைவாழ் மக்கள் கொணர்ந்த காணிக்கைகளின் பட்டியலில் வருடையும் மானின் மறியும் அடுத்தடுத்துத் தனித்தனியே எண்ணப்படுகின்றன. வருடை மானாயின் இவ்வாறு வேறுபடுத்தி எண்ண வேண்டியதில்லை.

மறி என்னும் இளமைப்பெயர் இவ்வினாவைத் தீர்க்க உதவாது. தொல்காப்பிய மரபியல் மறி என்பதை ஆட்டுக்கும் குதிரைக்கும், நவ்வி, உழை, புல்வாய் ஆகிய மான்வகைகளுக்கும் பொதுவாக வகுக்கிறது. ஆண்பாற் பெயரோ துணைசெய்கிறது. நன்னனின் அரண்மனை வாயிலில் குவிந்த காட்டுப் பொருள்களைப் பட்டியலிடும் மலைபடுகடாம், கொம்பு முற்றிய இளைய ஆண் வருடையைத் தகர் என்னும் சொல்லால் குறிக்கிறது. மோத்தை, தகர், உதள், அப்பர் ஆகிய நான்கையும் ஆட்டின் ஆண்பாற் பெயர்களாகவே மரபியல் கூறும். பிற்காலத்தில் தகர் என்பது வேறு சில விலங்குகளின் ஆணுக்கும் நீண்டது. ஆகவே இச்சான்று தனித்து நின்று முடிவு கூறாது. எனினும் வேறு சான்றுகள் இதனோடு இணைகின்றன. நற்றிணையின் 119ஆம் பாட்டில் பெருங்குன்றூர்கிழார் வருடையை ஆடு என்னும் சொல்லோடு சேர்த்தே கூறுகிறார். கருங்குரங்கின் ஆணோடு அது தாவித் திரிவதாகக் காட்டுகிறார். பரிபாடலின் 11ஆம் பாட்டில் கோள்நிலை கூறும் பகுதியில் வருடை என்பது மேட இராசியின் பெயராக ஆளப்பட்டுள்ளது. மேடம் என்பது ஆட்டுக்கடா. வருடைக்கு ஆட்டினப் பொருள் நிலைபெற்றிருந்தால் மட்டுமே இவ்வாட்சி இயலும்.

இச்சான்றுகள் வெவ்வேறு புலவர்களிடமிருந்து, வெவ்வேறு சூழல்களிலிருந்து வருகின்றன. ஆண்பாற்பெயர், இனப்பெயர்ச் சேர்க்கை, இராசிப்பெயர் ஆகிய மூன்றும் ஒரே திசையைச் சுட்டுவதால் வருடை ஆட்டினமே எனத் துணியலாம். அதன் வாழிடம் மலையின் உயரமும் பாறைச் சரிவும். அதன் செயல் தாவுதல். தென்னாட்டு மலைகளில் இவ்விரண்டும் ஒருங்கே பொருந்தும் ஆட்டின விலங்கு இன்று வரையாடு என வழங்கப்படுவதொன்றே.

வரை, ஆடு: பெயரா, வினையா?

வரையாடு என்னும் இன்றைய பெயர் வரை, ஆடு என்னும் இரு பெயர்ச்சொற்களால் ஆனது. வரையின்கண் வாழும் ஆடு என விரியும். ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இப்பெயர் பட்டினப்பாலையிலும் சிலப்பதிகாரத்திலும் உள்ளதாகக் கூறுவோர், அவ்விரு நூல்களிலும் வருடை என்னும் சொல்லுக்கு முன் வரை, ஆடு என்னும் சொற்கள் அடுத்து நிற்பதையே சான்றாகக் கொள்வர். அவ்வாறாயின் வரையாடாகிய வருடை என இருபெயரொட்டாக அத்தொடரை விரிக்க வேண்டும்.

பட்டினப்பாலையின் சூழல் இவ்விளக்கத்துக்கு இடந்தரவில்லை. புகார்த் துறைமுகத்தில் மலைபோல் அடுக்கப்பட்ட மூடைகளின் மேல் நாயும் ஆட்டுக்கடாவும் துள்ளி விளையாடும் காட்சியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மலையில் வருடை திரியும் காட்சியோடு உவமிக்கிறார். உவமையின் பொதுத்தன்மை இயக்கம். எனவே வருடைக்கு முன் நிற்கும் ஆடு என்பது திரிதல், விளையாடுதல் என்னும் வினையைத் தருவதே உவமைக்கு வேண்டுவது. மேலும், உவமையின் முதலடியில் மலையுச்சியை வருணிக்குமிடத்தும் மழை என்னும் சொல்லை அடுத்து இதே ஆடு வினையாகவே நிற்கிறது. மேகம் உச்சியில் ஆடுகிறது. வருடை வரையில் ஆடுகிறது. இரண்டும் ஒரே அமைப்பு. அடுத்தடுத்த அடிகளில் ஒன்றை வினையாகவும் மற்றொன்றை விலங்கின் பெயராகவும் பிரிப்பதற்குக் காரணமில்லை.

மலைபடுகடாம் தரும் சான்று இதனினும் தெளிவானது. அங்கும் வருடைக்கு முன் வரை என்னும் சொல் உண்டு. ஆனால் அதனை அடுத்து ஆடு என்பதற்குப் பதிலாக வாழ் என்னும் வினைப்பகுதி நிற்கிறது. வாழ் என்பது ஐயமின்றி வினை. ஒரே தொடரமைப்பில் ஒரே இடத்தில் வாழ் என்பதும் ஆடு என்பதும் மாறி மாறி வருமாயின், இரண்டும் ஒரே இலக்கணக் கூறு எனக் கொள்வதே முறை. ஆகவே பட்டினப்பாலை, சிலப்பதிகாரம் ஆகிய இரண்டிலும் உள்ளது ஆடுவருடை என்னும் வினைத்தொகை. வரையின்கண் ஆடுகின்ற வருடை என்பதே அதன் விரி.

இம்முடிவினால் இலக்கியச் சான்றின் மதிப்புக் குறைவதில்லை. அதன் இயல்பு தெளிவாகிறது. ஈண்டு ஆராயப்பட்ட பழைய இடங்களில் விலங்கின் பெயர் வருடையே. வரையாடு என்பது அங்குப் பெயராக இல்லை. எனினும் வரை என்பது அவ்விலங்கின் நிலையான அடையாக மூன்று நூல்களில் வருவதைக் காணலாம். வருடை என்னும் பெயர் பேச்சில் மறைய, அதன் அடையாக நின்ற வரையும் அதன் இனப்பெயரான ஆடும் கூடி இன்றைய பெயராயின எனக் கருதலாம். பழைய தொடரே மக்கள் நாவில் வேறாகப் பிரிக்கப்பட்டுப் பெயராகியது என்பதும் இயலாததன்று. எவ்வாறாயினும், தொடர்ந்து வந்திருப்பது விலங்கை வரையோடு இணைத்துக் காணும் பார்வையே.

வருடை என்பதையே வரை, உடை என்னும் சொற்களாகப் பிரித்து வரையை உடையது எனப் பொருள்கொள்வது புணர்ச்சி விதிக்கு ஒவ்வாது. வரை என்பதன்முன் உடை வரின் யகர உடம்படுமெய் பெற்று வரையுடை என ஆகுமேயன்றி வருடை ஆகாது. ஒலியொப்புமையை மட்டும் கொண்டு வேர்காண்பது பெயராய்வில் பயன்தராது.

எட்டுக்கால் வந்த வழி

வருடைக்கு எட்டுக்கால் உண்டென்னும் செய்தி சங்கப் பாடல்களுக்குப் பிற்பட்ட நிகண்டு, உரை மரபுகளில் வேரூன்றியது. மூலபாடங்கள் வருடையின் காலைப் பற்றிப் பேசாமல் இல்லை. ஐங்குறுநூற்றின் 287ஆம் பாட்டு அதன் கால் குறுகியது என்கிறது. மலைபடுகடாம் அதன் கால் வளைந்தது என்கிறது. காலின் அளவையும் வடிவையும் கூர்ந்து நோக்கிய புலவர்கள், அதன் எண்ணிக்கை இயல்புக்கு மாறாக எட்டாக இருந்திருப்பின் அதனைக் கூறாது விட்டிருப்பர் எனல் பொருந்தாது. குறுகிய கால் என்னும் அடை, திண்ணிய உடலும் குட்டையான காலும் கொண்ட வரையாட்டின் தோற்றத்துக்கு இயைவது.

எட்டுக்கால் வந்த வழியைச் சரபம் என்னும் வடசொல்லின் வரலாறு காட்டுகிறது. வடமொழியில் இச்சொல் முதலில் ஒருவகை மான் அல்லது மலைவிலங்கையே குறித்தது. பின்னர்ப் பனிமலையில் வாழ்வதும் எட்டுக்காலுடையதும் சிங்கத்தினும் யானையினும் வலியதுமான புனைவு விலங்காக வளர்ந்தது. சைவ மரபில் நரசிங்கத்தை அடக்கிய சிவபெருமானின் சரப வடிவமாக உயர்ந்தது. தாராசுரத்திலும் திருபுவனத்திலும் உள்ள பிற்காலச் சோழர் கோயில்கள் இவ்வடிவத்துக்குத் தமிழகத்தில் இருந்த செல்வாக்கைக் காட்டும். மலைவாழ் விலங்கு என்னும் பொதுமையால் வருடைக்கு நேர்சொல்லாகச் சரபம் கொள்ளப்பட்டபோது, சரபத்தின் பழைய பொருளோடு புதிய பொருளும் சேர்ந்தே வந்தது எனலாம். சமவெளியில் வாழ்ந்து நூலுக்கு உரையெழுதியோர்க்கு உயர்மலையின் வரையாடு கண்ணிற் படும் விலங்கன்று. கோயிற் சிற்பத்தின் சரபமோ கண்முன் நின்றது.

உரையாசிரியர்களைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. அவர்கள் தம் காலத்தின் பொருளைப் பதிவு செய்தனர். அப்பதிவும் சொல்வரலாற்றுக்கு வேண்டுவதே. ஒரு காலத்துப் பொருளை எல்லாக் காலத்துக்கும் உரியதாக அகராதி நிரல்படுத்தும்போதே சிக்கல் எழுகிறது.

பொருள் மாறினால் பாட்டு மாறும்

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. பாட்டின் நயத்தையும் தொடுவது. குறுந்தொகைப் பாட்டில் வருடையின் மறி தாயின் பாலை நிறைய உண்டு, பெரிய மலையின் நிழலில் துள்ளுகிறது. அத்தகைய நாட்டுக்குரிய தலைவன் கல்லினும் வலியன் என்கிறாள் தலைவி. அவ்வாறு எண்ணாது அவள் நெஞ்சு மெலிகிறது. தாயின் பாலும் மலையின் நிழலும் குட்டிக்குத் தடையின்றிக் கிடைக்கும் நாட்டில், தலைவனின் அருள் மட்டும் தலைவிக்குக் கிடைக்கவில்லை என்னும் முரணே பாட்டின் உயிர். பால் உண்டு துள்ளும் ஆட்டுக்குட்டி அம்முரணை இயல்பாகத் தாங்கும். சிங்கத்தை வெல்லும் எட்டுக்கால் விலங்கின் குட்டியை அவ்விடத்தில் வைத்தால் பாட்டின் மென்மை சிதையும். மலையின் நிழல் தரும் பாதுகாப்புக்கும் பொருளில்லாது போகும்.

ஐங்குறுநூற்றுப் பாட்டிலும் இதுவே நிலை. உயர்ந்த மலைமேல் உள்ள வருடையையும் தினையில் பாயும் கிளிகளையும் கபிலர் ஒரு வினையால் இணைக்கிறார். அவ்வினை அஞ்சுதல். யார் யாரைக் கண்டு அஞ்சுகின்றனர் என்பதில் தொடரமைப்பு இருவகைக்கும் இடந்தரும். வருடை கிளிகளின் பாய்ச்சலைக் கண்டு வெருவுகிறது எனக் கொண்டால், சிறு சலசலப்புக்கும் மிரளும் மேய்ச்சல் விலங்கே அங்குத் தோன்றும். சரபம் கிளிக்கு அஞ்சுவது நகைப்புக்கிடமாகும். கிளிகளே வருடையைக் கண்டு வெருவுகின்றன எனக் கொண்டால், தீங்கு செய்யாத, தொலைவில் நிற்கும் விலங்குக்கு வீணே அஞ்சும் நிலை புலப்படும். தலைவனின் பொய்யைச் சுட்டும் அப்பாட்டில், இல்லாததை உள்ளதாகக் காட்டுவது என்னும் கருத்துக்கு இது துணையாகும். எவ்வாறு கொண்டாலும் பாட்டு வேண்டுவது அச்சந்தரும் வலிமையுடைய விலங்கையன்று.

அயற்பெயர்களும் வரையாடும்

பிற மொழிகளில் இவ்விலங்கு பெற்ற பெயர்களோடு ஒப்பிடும்போது தமிழ்ப்பெயரின் செம்மை விளங்கும். ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் இதனை ஐபெக்ஸ் என்றனர். இது ஐபெக்ஸ் அன்று. பின்னர் இமயமலை விலங்கொன்றின் நேபாளப் பெயரிலிருந்து வந்த தார் என்பதைச் சேர்த்து நீலகிரி தார் என்றனர். இமயத்துத் தார், அரேபியத் தார், நீலகிரித் தார் ஆகிய மூன்றும் நெடுங்காலம் ஒரே பேரினமாகக் கருதப்பட்டன. 2005இல் ரோபிக்கே, ஹசானின் ஆகியோர் வெளியிட்ட மரபணு ஆய்வு இம்மூன்றையும் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்தது. தென்னாட்டு விலங்கு நீல்கிரிட்ராகஸ் என்னும் பேரினமாயிற்று; செம்மறியாட்டுக்கு இது நெருங்கிய உறவினது என்பதும் வெளிப்பட்டது.

அதன் சிற்றினப் பெயரான ஹைலோக்ரியஸ் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஓகில்பி இட்டது. கிரேக்க மொழியில் ஹைலே என்பது காடு, க்ரியோஸ் என்பது ஆட்டுக்கடா. காட்டுத்தகர் என அதனைத் தமிழாக்கலாம். கடா என்னும் பகுதி மலைபடுகடாத்தின் தகரோடு ஒத்துப்போகிறது. காடு என்னும் பகுதியோ பொருந்தவில்லை. இவ்விலங்கின் வாழிடம் அடர்காடு அன்று, புல்வெளியும் பாறைச் சரிவுமே. வரை என்னும் தமிழ்ச்சொல் மலை, மலைச்சரிவு, எல்லை, கோடு என்னும் பொருள்களைத் தன்னுள் கொண்டது. புல்வெளி முடிந்து பாறை செங்குத்தாக இறங்கும் விளிம்பில் நிற்கும் விலங்குக்கு இதனினும் பொருந்திய அடை காண்பது அரிது. எனவே மலையாடு, காட்டாடு என்று எழுதுவது வரையாடு என்பதற்கு ஈடாகாது.

இன்றைய வழக்கு

இன்றைய எழுத்து வழக்கில் இரு போக்குகள் கருதத்தக்கன. ஒன்று, நீலகிரி என்னும் முன்னொட்டு. தார் என மூன்று விலங்குகள் இருந்தமையால் ஆங்கிலத்துக்கு அம்முன்னொட்டுத் தேவைப்பட்டது. தமிழில் வரையாடு ஒன்றே. வேறுபடுத்த வேண்டிய மற்றொரு வரையாடு இல்லை. மேலும் ஆனைமலை, பழனிமலை, மேகமலை, அகத்தியமலை ஆகியவற்றிலும் இது வாழ்கிறது. கேரளத்தின் இரவிகுளத்தில் பெருந்தொகையாக உள்ளது. திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடிக்கு அருகே வரையாட்டுமொட்டை என்னும் மலை உண்டு. மலையாளத்திலும் பெயர் வரையாடே. இத்தனை மலைகளுக்கும் பொதுவான பெயரை நீலகிரி என்னும் ஒரு மலைக்குள் அடக்குவது ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பால் வந்த குறுக்கம். திட்டங்களின் பெயரில் அது நிலைத்துவிட்டது. பொது எழுத்தில் வரையாடு என்பதே போதும்.

மற்றொன்று, நீலகிரி தார் என ஆங்கிலப் பெயரை அப்படியே எழுதுவது. தமிழில் தார் என்பது மாலையையும் சாலைக்கு இடும் கரிய நெய்மத்தையும் நினைவூட்டுமேயன்றி விலங்கை உணர்த்தாது. அறிவியல் அடிப்படையிலும் அப்பெயர் வலுவிழந்துவிட்டது. 1975இல் இவ்விலங்கைப் பற்றி முன்னோடி ஆய்வு செய்த இ.ஆர்.சி. டேவிதாரை நினைவுகூர்ந்து அக்டோபர் 7ஆம் நாள் வரையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2024இல் தமிழ்நாட்டில் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு 1,031 வரையாடுகளைப் பதிவு செய்தது. இவ்வளவு சிறு தொகையினதான விலங்கைக் காக்கும் முயற்சியில் மக்கள் அறிந்த பெயரின் பங்கு சிறிதன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு. வருடை என்பது ஆட்டினத்தைச் சார்ந்த மலைவிலங்கு. தகர் என்னும் ஆண்பாற்பெயரும் ஆடு என்னும் சேர்க்கையும் மேட இராசிப் பெயராட்சியும் இதனை உறுதி செய்கின்றன. எட்டுக்கால் விலங்கு என்னும் பொருள் சரபத்தோடு இணைக்கப்பட்டதால் பின்னர்ப் படிந்தது. பட்டினப்பாலையிலும் சிலப்பதிகாரத்திலும் வருடைக்கு முன் நிற்கும் ஆடு என்பது வினை. அதனை விலங்கின் பெயராகக் காட்டுவது பொருந்தாது.

எனவே அகராதிகள் வருடை என்னும் பதிவில் வரையாடு என்பதை முதற்பொருளாகவும், மேட இராசி என்பதை அதன் வழிப்பொருளாகவும், சரபம் என்பதைப் பிற்கால நிகண்டு, உரை வழக்காகவும் பிரித்துக் காட்ட வேண்டும். சங்கப் பாடல்களுக்கான மாணவர் பதிப்புகளும் எட்டுக்கால் விளக்கத்தைக் காலக்குறிப்பு இன்றித் தருதல் தவிர்க்கத்தக்கது. வரையாட்டின் தொன்மைக்கு இலக்கியத்தைச் சான்று காட்டுவோர், வரையாடு என்னும் சொல்லைத் தேடுவதை விடுத்து, வருடை என்னும் பெயரும் வரை என்னும் அடையும் சேர்ந்து தரும் சித்திரத்தை எடுத்துக்காட்டுவதே உறுதியான வழியாகும்.